நிக்கோ பக்கம் மகரந்தக் கணிப்பை எப்படிப் படிப்பது? இமாய்ச்சியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

இமாய்ச்சி_ராகு | ஜனவரி 14

எல்லோருக்கும் வணக்கம். டோக்கியோ நிஷிகசாயில் இருந்தோம். போன கோடையில் நிக்கோ நகராட்சியைச் சேர்ந்த இமாய்ச்சிக்குக் குடிவந்துவிட்டோம். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பழைய சாலை, சுற்றிலும் மலை, மலை முழுக்க சுகி. மனைவிக்கு டோக்கியோவிலேயே காஃபுன்ஷோ (மகரந்த அலர்ஜி) உண்டு. பெப்ரவரி பிறந்தால் தும்மல், கண் அரிப்பு, இரவில் மூக்கடைத்துத் தூக்கமே இல்லாமல் போய்விடும். இங்கே மரத்தடியிலேயே வீடு என்பதால் இந்த வருடம் எப்படிப் போகுமோ என்று இப்போதே பயப்படுகிறாள்.

நான் பார்க்கும் ஆப்பில் உத்சுனோமியாவுக்கும் நிக்கோவுக்கும் ஒரே நிறம்தான் காட்டுகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் 30 கிலோமீட்டருக்கு மேல் தூரம், உயரமும் வேறு. போதாக்குறைக்கு இந்த வருடம் குறைவு என்று ஒரு செய்தி, அதிகம் என்று இன்னொரு செய்தி. எதை நம்பி மருந்தை ஆரம்பிப்பது? ஜிபிகாவுக்கு (காது மூக்கு தொண்டை டாக்டரிடம்) எப்போது போவது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவி.

உத்சுனோமியா_வாசி | ஜனவரி 14

தம்பி, நான் எந்தக் கணிப்பையும் பார்ப்பதில்லை. 'குறைவு' என்று போட்ட நாளில் கண் வீங்கியிருக்கிறது, 'மிக அதிகம்' என்ற நாளில் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கிறது. பெப்ரவரி முதல் மே வரை மாஸ்க்கைப் போடு, மாத்திரையைப் போடு, அவ்வளவுதான். அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து மன உளைச்சல்தான் மிச்சம்.

காட்டுவழி | ஜனவரி 15

ராகு, உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இங்கே காட்டியல் படித்தவன், மலைப்பக்கம்தான் வேலை.

கணிப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம்பிக்கை போய்விடுகிறது.

முதலாவது, இந்த வருடம் மொத்தமாக எவ்வளவு கொட்டும் என்பது. இதைப் போன கோடையே தீர்மானித்துவிடும். சுகியின் ஆண்பூ மொட்டுகள் ஜூலை வாக்கில் உருவாகின்றன. அந்த நேரத்தில் நல்ல வெயிலும் வெப்பமும் இருந்து மழை குறைந்தால் மொட்டு நிறையப் பிடிக்கும். ஒரு வருடம் அள்ளிக் கொட்டிய மரம் அடுத்த வருடம் பெரும்பாலும் ஓய்ந்துவிடும், அந்தக் கணக்கும் இதில் சேரும். 2004 கோடை கொளுத்தியது, 2005 வசந்தத்தில் டோக்கியோவைச் சுற்றிய கான்டோ பகுதி முழுக்க மகரந்தம் கொட்டித் தீர்த்தது. நவம்பர், டிசம்பரில் ஆட்கள் காட்டுக்குள் போய், தொலைநோக்கியால் மரத்தின் உச்சிக் கிளைகளைப் பார்த்து எவ்வளவு மொட்டு இருக்கிறது என்று தரம் பிரிப்பார்கள். அரசு அதை வெளியிடும். மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை இதன்மேல்தான். மொட்டு கண்ணெதிரே இருக்கிறது, அது பொய் சொல்லாது.

இரண்டாவது, எப்போது ஆரம்பிக்கும் என்பது. குளிர்காலத்தில் மொட்டு உறங்கும். குளிரை வாங்கிக்கொண்ட பிறகு வெப்பம் ஏற ஏற விழித்துக்கொள்ளும். ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், டோக்கியோ பக்கம் சுமார் 400 டிகிரியைத் தொடும்போது மகரந்தம் பறக்கத் தொடங்கும் என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. ஊருக்கு ஊர் இது மாறும். ஜனவரி கதகதப்பாக இருந்தால் நாள் முன்னே வரும், அவ்வளவுதான்.

மூன்றாவது, இன்றைக்கு எவ்வளவு என்பது. ஆப்பில் நிறம் நிறமாகக் காட்டுவது இதைத்தான். பெரும்பாலும் இது காற்று, மழை, வெப்பம், மரங்கள் இருக்கும் வரைபடம் ஆகியவற்றை வைத்துக் கணினி போடும் கணக்கு. சமவெளி நகரத்தில் ஓரளவுக்குச் சரியாக வரும். மலைச்சரிவும் பள்ளத்தாக்குமாக இருக்கும் நம் பக்கத்தில் பக்கத்துத் தெருவுக்கே மாறிவிடும். உத்சுனோமியா_வாசி அண்ணன் நம்பிக்கை இழந்தது இந்த மூன்றாவதில். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து முதல் இரண்டையும் தூக்கி எறிய வேண்டாம்.

இமாய்ச்சி_ராகு | ஜனவரி 15

ரொம்ப நன்றி அண்ணா. இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது. அதிகம், குறைவு என்று இரண்டு விதமாக வருகிறதே, அது ஏன்?

காட்டுவழி | ஜனவரி 15

எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் போன வருடத்தோடு ஒப்பிடுவார், இன்னொருவர் பத்து வருட சராசரியோடு ஒப்பிடுவார். ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன்: போன வருடம் சராசரியைப் போல இரண்டு மடங்கு கொட்டியது என்று வையுங்கள். இந்த வருடம் 'போன வருடத்தில் 60 சதவீதம்' என்றால் கேட்க நிம்மதியாக இருக்கும். கணக்குப் போட்டால் அது சராசரியில் 120 சதவீதம். இரண்டு செய்தியும் உண்மைதான். சராசரியோடு ஒப்பிட்ட எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைதாமா_வேணி | ஜனவரி 16

ராகு தம்பி, மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன். ரொம்ப வருடமாக இதனோடு மல்லுக்கட்டுகிறேன், என் பெண்ணுக்கும் உண்டு.

தும்மல் உச்சத்துக்குப் போனபிறகு மாத்திரை போட்டால் பிடிக்காது. பறக்கத் தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே, இல்லாவிட்டால் மூக்கில் லேசாக நமநம என்று வந்த அன்றே ஆரம்பித்துவிட வேண்டும். இங்குள்ள டாக்டர்களும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் ஜனவரி கடைசியிலேயே மனைவியை ஜிபிகாவுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். பெப்ரவரி பாதியில் போனால் கூட்டத்தில் அரை நாள் உட்கார வேண்டிவரும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அவில் மாத்திரை பலர் வீட்டில் இருக்கும். அது கண்ணைச் சொருகும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. ஃபெக்ஸோஃபெனாடின், பிலாஸ்டின் போன்றவற்றில் அந்த மயக்கம் ரொம்பக் குறைவு. பிலாஸ்டினை வெறும் வயிற்றில் போட வேண்டும். ஃபெக்ஸோஃபெனாடினைப் பழச்சாறோடு போடாதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. மூக்கடைப்புதான் பெரிய தொல்லை என்றால் மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே நன்றாகக் கேட்கும், ஆனால் தினமும் விடாமல் அடிக்க வேண்டும். எது யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் சுகி மாத்திரை 2018-இல் இருந்து கிடைக்கிறது. தினமும் வைத்து மூன்று முதல் ஐந்து வருடம் வரை தொடர வேண்டும், காப்பீட்டிலும் வருகிறது. மகரந்தம் பறக்கும் மாதங்களில் இதை ஆரம்பிக்கக் கூடாது. சீசன் முடிந்து ஜூன் வாக்கில் போய்க் கேளுங்கள். காட்டுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இருக்கப்போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் யோசிக்கலாம். என் பெண் இதில்தான் மீண்டாள். பரீட்சை மாதமும் தும்மல் மாதமும் ஒன்றாக வரும் பிள்ளைகளின் கஷ்டம் சொல்லி மாளாது.

உத்சுனோமியா_வாசி | ஜனவரி 16

வேணி அக்கா சொன்னது எல்லாம் சரி. எனக்கு அடங்காத கோபம் ஒன்று இருக்கிறது. ஐந்தில் இரண்டு பேருக்கு வியாதியைக் கொடுக்கும் மரத்தை ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்? இமாய்ச்சி சாலையில் அத்தனை பெரிய மரங்களும் சுகி. அதை வெட்டினாலே பாதி நிம்மதி.

காட்டுவழி | ஜனவரி 17

//அதை வெட்டினாலே பாதி நிம்மதி//

அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. நாடு முழுக்க எடுத்த கணக்கில் 1998-இல் 16 சதவீதம் பேருக்கு இருந்த சுகி அலர்ஜி 2008-இல் 26 ஆகி, 2019-இல் கிட்டத்தட்ட 39-க்கு வந்துவிட்டது. கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சாலை மரங்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். மூன்று பழைய நெடுஞ்சாலைகளையும் சேர்த்தால் 35 கிலோமீட்டருக்கு மேல் வரும், மரங்கள் சுமார் 12,000. 1620-களில் நடத் தொடங்கி, இருபது வருடத்துக்கு மேல் நட்டு, 1648-இல் தோஷோகு ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தவை. ஜப்பானில் நட்டு வளர்த்த சுகிக் காடு மொத்தம் சுமார் 44 லட்சம் ஹெக்டேர். ஒரு ஹெக்டேரிலேயே பல நூறு மரம் நிற்கும். உங்கள் கண்ணுக்குள் போவது பெரும்பாலும் மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தோட்டக்காடுகளின் மகரந்தம். பல பத்து கிலோமீட்டர் பறந்து வருகிறது, டோக்கியோவில் தும்முகிறவர்களுக்கும் அதேதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மலைகள் மொட்டையாகிக் கிடந்தன. வெள்ளம், மண்சரிவு, வீடு கட்ட மரம் இல்லை. அதனால் 1950, 60-களில் வேகமாக வளரும் சுகியையும் ஹினோகி என்ற இன்னொரு ஊசியிலை மரத்தையும் ஓடி ஓடி நட்டார்கள். 1964-இல் மர இறக்குமதிக்குக் கதவு திறந்தது, வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்கியது. வெட்டினால் கூலிக்கே கட்டாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். சுகி 25, 30 வயதுக்கு மேல்தான் ஆண்பூவைத் தாராளமாக வைக்கும். அன்று நட்டவை எல்லாம் இன்று ஐம்பது வயதைத் தாண்டி நிற்கின்றன.

இந்த நோயை முதலில் இனம்கண்டதும் நம் ஊரில்தான். 1963-இல் நிக்கோவில் ஒரு தொழிற்சாலை மருத்துவமனையில் வேலைபார்த்த சைட்டோ யோசோ என்ற டாக்டர், வசந்தம் வந்தால் மட்டும் மூக்கும் கண்ணுமாக வரும் நோயாளிகளைக் கவனித்தார். காரணம் சுகி மகரந்தம் என்று ஹொரிகுச்சி என்ற இன்னொரு டாக்டரோடு சேர்ந்து 1964-இல் கட்டுரை எழுதினார். அறுபது வருடமாகியும் இந்த ஊர் மக்களுக்கு அவர்கள் தெருவின் எண்ணைச் சொல்ல ஒரு நல்ல ஏற்பாடு இல்லை என்பதுதான் என் கோபம். சுற்றுச்சூழல் அமைச்சகம் நாடு முழுக்கத் தானியங்கிக் கருவிகளை வைத்து மணிக்கு மணி எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2021-இல் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் கருவிகளைத்தான் நம்பியிருக்கிறோம்.

வெட்டும் திட்டமும் இருக்கிறது. 2023 மே மாதம் அரசு அறிவித்தது: பத்து வருடத்தில் சுகித் தோட்டக்காட்டை 20 சதவீதம் குறைப்பது, சுமார் 30 வருடத்தில் மகரந்தத்தைப் பாதியாக்குவது. மகரந்தமே வைக்காத சுகி மரம் ஒன்றை 1992-இல் தொயாமாவில் கண்டுபிடித்தார்கள், அந்த வகைக் கன்றுகளையும் நடுகிறார்கள். செங்குத்தான மலை, வெட்ட ஆள் இல்லை, வெட்டிய இடத்தில் திரும்ப நட வேண்டும். அதனால் மெதுவாகத்தான் நடக்கும். உங்கள் மனைவியின் இந்த வருடத் தும்மலுக்கு அது உதவாது ராகு, கணிப்பும் மருந்தும்தான் உதவும்.

தகடு_எண்ணி | ஜனவரி 19

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். தெருவுக்கான எண் வேண்டும் என்றால் நாமே எண்ணலாம். கனுமா பக்கம் நான் செய்துகொண்டிருக்கிறேன்.

டர்ஹாம் முறை என்பார்கள். நுண்ணோக்கிக்கு வைக்கும் சாதாரணக் கண்ணாடித் தகட்டில் வாசலினை மெல்லியதாகத் தடவி, மழை படாமல் மேலே ஒரு தட்டு மூடிய தாங்கியில் படுக்கவைத்து 24 மணி நேரம் வெளியே விட வேண்டும். மறுநாள் எடுத்துச் சாயம் போட்டு, 18 மில்லிமீட்டர் சதுர மூடுகண்ணாடியை வைத்து, அதற்குள் தெரியும் மகரந்தத்தை எல்லாம் எண்ண வேண்டும். அந்தச் சதுரத்தின் பரப்பு 3.24 சதுர சென்டிமீட்டர். 200 எண்ணினால் 3.24-ஆல் வகுத்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 62. செய்தியில் வரும் எண்ணும் பெரும்பாலும் இதே அலகுதான். 10-க்குக் கீழே குறைவு, 30-க்கு மேலே அதிகம், 50-க்கு மேலே மிக அதிகம், 100-ஐத் தாண்டினால் அதற்கும் மேலே ஒரு படி வைத்திருக்கிறார்கள்.

சுகி மகரந்தத்தைத் தவறவே விட மாட்டீர்கள். உருண்டையாக, சுமார் 30 மைக்ரோமீட்டர் இருக்கும். ஓர் ஓரத்தில் விரல்நுனியை லேசாக மடக்கியதுபோல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். ஹினோகிக்கு அந்த முனை இருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கும் நுண்ணோக்கியே போதும்.

ஜனவரி 1-க்குப் பிறகு அடுத்தடுத்த இரண்டு நாள் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றாவது விழுந்தால் அந்த முதல் நாள்தான் சீசனின் தொடக்கம் என்பது இங்குள்ள விதி. அதற்கு முன்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துகொண்டுதான் இருக்கும். நுட்பமான உடம்புக்காரர்கள் ஜனவரியிலேயே தும்முவது கற்பனை இல்லை.

உத்சுனோமியா_வாசி | ஜனவரி 19

தகடு நண்பரே, இது நல்ல விஷயம். ஒரு கேள்வி. ஆப்பில் கன மீட்டருக்கு இத்தனை என்று வருகிறதே, அது வேறா?

தகடு_எண்ணி | ஜனவரி 19

வேறுதான் அண்ணா. அது காற்றை உறிஞ்சி லேசர் ஒளியால் எண்ணும் தானியங்கிக் கருவியின் எண். மணிக்கு மணி கிடைக்கும் என்பது அதன் பலம். பனித்துகளையும் மஞ்சள் தூசியையும் மகரந்தம் என்று எண்ணிவிடக்கூடும் என்பது பலவீனம். நிக்கோ பக்கம் பெப்ரவரியில் பனி பெய்வது சகஜம் என்பதால், பனி நாளில் அந்த எண் ஏறினால் சந்தேகப்படுங்கள். இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

இமாய்ச்சி_ராகு | பெப்ரவரி 11

வேணி அக்கா சொன்னபடி ஜனவரி கடைசியிலேயே ஜிபிகாவுக்குப் போய் வந்தோம். மாத்திரையும் ஸ்ப்ரேயும் ஆரம்பித்தாகிவிட்டது. இதுவரை லேசான தும்மலோடு சரி.

இன்று காலை மரச் சாலைப் பக்கம் நடந்தேன். தாழ்ந்த கிளை ஒன்றின் நுனியில் அரிசி அளவில் மொட்டுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தின் உச்சியே துருப்பிடித்த நிறத்தில் தெரிகிறது. மரம் காய்ந்துபோகிறதோ என்று நினைத்தேன்.

காட்டுவழி | பெப்ரவரி 11

காயவில்லை, அதுதான் ஆண்பூ. பச்சையாக இருந்தது முதிர்ந்து பழுப்பாகிவிட்டது. ஒரு மொட்டுக்குள் சுமார் 4 லட்சம் மகரந்தம் இருக்கும். கிளையைத் தட்டிப் பாருங்கள், மஞ்சள் புகை பறந்தால் திறந்துவிட்டது என்று அர்த்தம். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்த் தட்ட வேண்டாம்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிக்கோ ஒரே ஊர் மாதிரித் தெரிந்தாலும் இமாய்ச்சியைவிட தோஷோகு ஆலயப் பகுதி உயரம், சூசென்ஜி ஏரி 1,269 மீட்டரில் இருக்கிறது. கீழே பூத்துக் கொஞ்ச நாள் கழித்துத்தான் மேலே பூக்கும். பெப்ரவரியில் தெற்குக் காற்று சமவெளி மகரந்தத்தைக் கொண்டுவரும், அப்புறம் நம் மலை திறக்கும், அது அடங்கும்போது மார்ச் கடைசியில் ஹினோகி தொடங்கி மே தொடக்கம் வரை போகும். அதனால் நகரத்தின் கணிப்பில் 'உச்சம் முடிந்தது' என்று வந்தவுடன் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சுகிக்குத் தும்முகிறவர்களில் நிறையப் பேருக்கு ஹினோகியும் ஒத்துக்கொள்ளாது, இரண்டின் புரதமும் கிட்டத்தட்ட ஒன்று.

தினசரிக்கு ஆப்பைவிட வானத்தைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் வெயிலும் காற்றுமாக இருந்தால் அன்றுதான் மோசமான நாள், முந்தின நாள் அடக்கிவைத்ததும் சேர்ந்து வரும். கதகதப்பான நாள் இரண்டு மூன்று தொடர்ந்து வந்தாலும் அப்படித்தான். நகரங்களில் நண்பகலிலும் மாலை இருட்டும் நேரத்திலும் எண் ஏறும் என்று சொல்வார்கள். காட்டோரம் அந்தப் பகல் ஏற்றம் சீக்கிரமே வந்துவிடும். காலையில் கருப்புக் காரின் மேல் மஞ்சள் படலம் இருந்தால் துணியை உள்ளேயே காயப்போடுங்கள்.

சைதாமா_வேணி | பெப்ரவரி 12

வீட்டைக் காற்றோட்டமாக வைக்காமல் நம் ஆட்களால் சமைக்க முடியாது. தாளிக்கும்போது ஜன்னலை முழுதாகத் திறக்காமல் 10 சென்டிமீட்டர் மட்டும் திறந்து மெல்லிய திரையை இழுத்துவிடுங்கள், உள்ளே வருவது நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்று அமைச்சகத்தின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கம்பளிக் கோட்டு வேண்டாம், வழுவழுப்பான மேலுடை நல்லது. வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே வர வேண்டும்.

ஊரில் பெரியவர்கள் ஆவி பிடிக்கச் சொல்வார்கள். சூடான ஈரக்காற்று மூக்கடைப்பைக் கொஞ்ச நேரம் தளர்த்தும், இதமாக இருக்கும். அதில் தைலத்தைக் கொட்ட வேண்டாம், புண்பட்ட மூக்குக்கு எரியும்.

பால்கோவா | பெப்ரவரி 20

நடுவில் ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் சைவம். சோயா பால் குடித்தால் மனைவிக்குத் தொண்டை அரிக்கிறது, ஆப்பிளுக்கும் அப்படியே. ஜனவரியிலிருந்தே மூக்கும் சரியில்லை. இதற்கும் சுகிக்கும் சம்பந்தம் உண்டா?

காட்டுவழி | பெப்ரவரி 20

சுகியைவிட ஹன்னோகி என்ற மரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். அது பிர்ச் குடும்பம், ஈர நிலத்தில் வளரும், கான்டோவில் ஜனவரியிலேயே பூக்கத் தொடங்கும். அந்த மகரந்தத்துக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆப்பிள், பீச், சோயா பால் வாயையும் தொண்டையையும் அரிக்கும். சோயா பாலில் சிலருக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறும் அளவுக்கும் போவதுண்டு. அதனால் இப்போதைக்கு அதை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சு இரைத்தால் யோசிக்காமல் 119-க்கு (ஆம்புலன்ஸ்) அழையுங்கள்.

பால்கோவா | பெப்ரவரி 20

நிறுத்திவிட்டோம். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். நன்றி.

இமாய்ச்சி_ராகு | மார்ச் 16

கடைசியாக ஒன்று. ஏப்ரல் கடைசியில் அப்பா அம்மா மன்னார்குடியிலிருந்து வந்து ஒரு மாதம் தங்குகிறார்கள். அப்பாவுக்கு ஆஸ்துமா உண்டு. பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லலாமா? மனைவி பரவாயில்லை. சில நாள் கஷ்டப்பட்டாள், ஆனால் இரவில் தூங்குகிறாள்.

சைதாமா_வேணி | மார்ச் 16

அவள் தூங்குகிறாள் என்று கேட்கவே நிம்மதியாக இருக்கிறது தம்பி.

தள்ளிப்போட வேண்டாம். சுகி அலர்ஜி இங்கே வந்த முதல் வருடமே பொதுவாக யாரையும் பிடிப்பதில்லை, உடம்பு அந்த மகரந்தத்தை முதலில் பழக வேண்டும். நம்மில் பலருக்கும் இங்கே சில வருடம் இருந்த பிறகுதான் வந்தது. ஆனால் ஊரில் அப்பாவுக்குப் புல் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது என்றால் கவனம் வேண்டும். மே மாதத்திலிருந்து இங்கே ஆற்றங்கரைகளில் கமோகயா என்ற புல் பூக்கும். நடைப்பயிற்சிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். இன்ஹேலரைப் போதுமான அளவு கொண்டுவரச் சொல்லுங்கள், டாக்டரின் சீட்டும் கையில் இருக்கட்டும்.

காட்டுவழி | மார்ச் 17

வந்ததும் சூசென்ஜி ஏரிக்குக் கூட்டிப்போங்கள். மேலே சுகி அதிகம் இல்லை, ஓக்கும் பிர்ச்சும்தான். அப்பாவுக்கு அந்தக் குளிர் காற்று நெஞ்சை இறுக்கினால் மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏப்ரலிலும் மேலே பனி விழுவதுண்டு, பனிக்கால டயரைக் கழற்றாமல் வையுங்கள்.